ஒடிய வேண்டிய கழுத்து

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அண்ணியைப் படிக்கட்டின் அடியில் விழுந்த கோலத்தில் விட்டுவிட்டுத் தொடரை நிறுத்தியதற்காகப் பலர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். திட்டுங்கள், எனக்குத் தகும். அண்ணி எழுந்துவிட்டாள். உதடு கிழிந்திருந்தது. கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு நேராக வேலை மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் எதற்காகத் தள்ளினான் என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்ல? காபி ஆறிப்போயிருந்ததாம். அவனுக்கு அவ்வளவு போதும்.

இந்த வாரம் இன்னும் மோசம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே வீடு, கீழே பட்டறை. அண்ணன், பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் இரும்பு அச்சுகளைச் செதுக்குகிறவன். அந்த வட்டாரத்தில் கைவேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை, முன்கோபத்திலும்தான். அவன் தங்கையை எல்லோரும் இன்ஜினியர் என்றே கூப்பிடுவார்கள், பால்காரர் உட்பட. அண்ணி, வார்த்து வரும் சின்னச் சின்னச் சாமான்களை ஒன்றோடொன்று பொருத்துகிறவள்.

இன்ஜினியர் கண்டுபிடித்த சாமான் ஒரு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மடியில் வைத்துக்கொள்ளும் கணினியைத் தொலைபேசி லைனோடு சேர்க்க, அதன் பக்கவாட்டில் ஓர் அட்டையைச் செருகுவார்கள். அட்டை பிஸ்கட் தடிமன்கூட இல்லை. தொலைபேசி ஒயரின் முனையில் இருக்கும் பிளக் அதைவிடத் தடிமன். தடித்தது மெல்லியதற்குள் எப்படி நுழையும்? மற்றவர்கள் அட்டைக்கு ஒரு துண்டு ஒயரை வால்போலக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த வாலை ஆளுக்கு ஆள் தொலைத்துவிட்டுத் தேடினார்கள். இவள் பிளக்கைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தாள். அட்டையின் ஓரத்திலிருந்து ஒரு தகடு வெளியே நீளும். அதில் ஓர் ஓட்டை. பிளக் மேலிருந்து அந்த ஓட்டைக்குள் இறங்கும். வேலை முடிந்ததும் விரலால் தள்ளினால் தகடு உள்ளே போய்விடும். வீட்டில் அதற்கு நாக்கு என்று பெயர்.

நாக்கு அட்டையோடு சேரும் இடத்தை, அதாவது அதன் கழுத்தை, அவள் வேண்டுமென்றே மெல்லியதாக வைத்திருந்தாள். யாராவது ஒயரில் கால் தடுக்கினால், நாக்கு கழுத்தில் ஒடிந்து ஒயரோடு போய்விடும். கணினி மேசையிலேயே இருக்கும். நாக்கை மாற்றிக்கொள்ளலாம், கணினியை மாற்றுவது லேசில்லை. இதை அவள் அண்ணியிடம் மட்டும்தான் விளக்கியிருந்தாள். அண்ணி கேட்டாள், இவள் சொன்னாள். அண்ணன் கேட்கவில்லை.

கொஞ்சம் கணினிகளில் மட்டும் நாக்கைப் போட்டு விற்றுப் பார்த்த கம்பெனியிலிருந்து இன்று பரிசோதகர் வருகிறார். அவர் தலையசைத்தால் அந்தக் கம்பெனியின் கணினிகளில் எல்லாம் இவளுடைய நாக்கு. இல்லையென்றால் இத்தனை வருஷ உழைப்பும் அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

அதனால் காலையிலேயே அவள் சோதனை மேசைக்குப் போனாள். மேசை மேல் ஒரு கணினியின் வெறும் கூடு. உள்ளே நிஜ எடைக்கு ஈயக் குண்டுகளை நிரப்பி வைத்திருந்தார்கள். புதிதாக வார்த்த நாக்கு ஒன்றைப் பொருத்தி, பிளக்கை இறக்கி, ஒயரைத் தரையோடு ஓடவிட்டு, வழக்கம்போல அதைக் காலால் எத்தினாள்.

எப்போதும் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். இன்று வரவில்லை. கூடு மேசையிலிருந்து கிளம்பி நேராக அவள் மேல் பாய்ந்தது. அதன் மூலை கழுத்துக்குக் கீழே எலும்பில் இறங்கியது. இன்ஜினியர் மல்லாக்க விழுந்தாள். சட்டை நனைந்து சிவந்தது.

அண்ணி ஓடி வந்தாள்.

"அண்ணி, ஒடியல."

"எது, எலும்பா?"

"நாக்கு."

அண்ணிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. உதட்டுக் காயம் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு துணியைச் சுருட்டி இன்ஜினியரின் காயத்தில் வைத்து அழுத்திவிட்டு, நாக்கைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். அதைப்போல எத்தனை ஆயிரத்தைத் தொட்ட விரல்களோ, தொட்டதுமே தெரிந்துவிட்டது.

"கழுத்து தடிச்சிருக்கு."

"எப்படி? முந்தாநாள் வார்த்தது சரியாத்தானே இருந்துது."

"அவர் நேத்து அச்சைக் கழட்டினாரு. துடைக்கப் போறேன்னாரு."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

அண்ணி தன் உதட்டைக் காட்டினாள். "நேத்து நான் சொல்ற நிலைமையிலயா இருந்தேன்?"

அண்ணன் வார்ப்பு இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். இயந்திரம் வாயைத் திறந்து இரண்டு நாக்குகளைத் துப்பியது, மூடிக்கொண்டது. அவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அவன் சீட்டியடித்தால் நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று அர்த்தம். வீட்டில் அதற்காகவும் பயப்படுவார்கள்.

"அண்ணா, கழுத்தைத் தொட்டியா?"

"தொட்டேன். வெட்டினேன். இப்ப கத்தியால குத்தினாலும் ஒடியாது."

"யாரைக் கேட்டு?"

"என் அச்சைத் தொட நான் யாரைக் கேக்கணும்?" அவன் திரும்பினான். அவள் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கம்பெனி ஆளு போன மாசம் ஒடிஞ்ச நாக்கைப் பெட்டி நிறையக் கொண்டாந்து என் மேசை மேல கொட்டினான். பக்கத்துப் பட்டறைக்காரன் நின்னு வேடிக்கை பாத்தான். என் அச்சுல வந்த சாமான் ஒடிஞ்சுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. உன்னாலதான் சொல்ல வெச்ச."

"அது ஒடியறதுக்குத்தான் செஞ்சது. ஒடியலன்னா கணினி விழும். இதோ பாரு, என் மேல விழுந்துது."

"ஒடியறதுக்குன்னு ஒரு சாமானை எவளாவது செய்வாளா? அப்படின்னா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மெல்லிசாவே இருக்கட்டும்னு சொன்னேனே."

"ஏன்னு சொன்னியா?"

இன்ஜினியர் சொல்லவில்லைதான். சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டுப் பட்டறை முழுக்கப் பரப்புவான் என்று விட்டுவிட்டாள். இந்த ஓர் இடத்தில் நான் அண்ணன் பக்கம். ஒரு விரல் அகலம்தான், அதற்கு மேல் இல்லை.

"சரி, என் தப்பு. பழையபடி மெல்லிசாக்கு. மத்தியானத்துக்குள்ள ஒரு பத்து நாக்காவது வேணும்."

"விளையாடறியா? அச்சுல பள்ளத்தை ஆழமாக்கினேன், அதான் சாமான் தடிச்சிருக்கு. வெட்டி எறிஞ்ச இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்? மெல்லிசு வேணும்னா புதுசா ஒரு அச்சு செதுக்கணும்." அவன் சிரித்தான். "நான்தான் செதுக்கணும். மாட்டேன்."

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அச்சில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கை நெம்ப, கீறல் விழாமல் இருக்கப் பித்தளைக் கம்பி ஒன்று இயந்திரத்தின் மேல் எப்போதும் இருக்கும். இன்ஜினியர் அதை எடுத்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். இன்னொன்று போடக் கையைத் தூக்கினாள்.

அவன் கம்பியைப் பிடுங்கி வீசிவிட்டு அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் அவள் நெற்றியை மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. மறுபடி மோதினான். இரண்டாவது முறை கண்ணாடி உதிர்ந்து அவள் புருவத்தைக் கிழித்தது. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவன் இவன்தான் என்றால் நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கையில்லை.

"விடுங்க அவளை." அண்ணி அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை உதறி, முஷ்டியைப் பின்பக்கம் வீசினான். அது அண்ணியின் காதோரத்தில் விழுந்தது. அவள், உருக்க வைத்திருந்த பிளாஸ்டிக் மணிகள் நிரம்பிய பீப்பாயோடு சேர்ந்து சரிந்தாள். வெள்ளை மணிகள் பட்டறைத் தரையெங்கும் ஓடின.

வாசல் மணி அடித்தது.

இந்தக் குடும்பத்தின் விசேஷம் என்னவென்றால், மணி அடித்தால் அடிதடி நின்றுவிடும். அண்ணன் தலையைக் கோதிக்கொண்டான். இன்ஜினியர் புருவத்தில் கைக்குட்டையை அழுத்தினாள். அண்ணி எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். பரிசோதகர் உள்ளே வந்தபோது மூவரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் சோப்பு வாசனை அடிக்கும் ஒல்லி மனிதர். தரையிலிருந்த மணிகளை மிதிக்காமல் கவனமாக நடந்து வந்தார். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"மேலேர்ந்து சாமான் விழுந்துடுச்சு சார்," என்றாள் அண்ணி. மற்ற இருவரும் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். பழக்கம்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எடுத்து வைத்த நாக்கு எதுவும் தனக்கு வேண்டாம் என்றார். இயந்திரம் அப்போது துப்பிய, இன்னும் சூடு ஆறாத ஒன்றைத் தானே பொறுக்கிக்கொண்டார். கூட்டில் பொருத்தி, பிளக்கை இறக்கி, தள்ளி நின்று ஒயரை எத்தினார்.

நாக்கு அசையவில்லை. கூடு பறந்து போய்ச் சுவரலமாரியில் மோதித் தரையில் விழுந்து வாய் பிளந்தது. ஈயக் குண்டுகள் வெள்ளை மணிகளோடு கலந்து உருண்டன. முடிந்தது கதை என்று இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாடா," என்றார் பரிசோதகர். "இப்பதான் இது சாமான்."

அவள் கண்ணைத் திறந்தாள். "சார், கூடு கீழ விழுந்து கிடக்கு."

"கிடக்கட்டும். கணினி விழுந்தா, கால் தடுக்கினவர் தப்பு. நாக்கு ஒடிஞ்சா எங்க தப்பு. பெட்டி பெட்டியா எங்களுக்குத் திரும்பி வருது மேடம், கடைக்காரன் எல்லாம் எங்களைத்தான் கேக்கறான்."

"யாரோட கால் மேலயாவது விழுந்தா? ஒரு குழந்தை தலை மேல விழுந்தா?"

"அதுக்கும் எங்களை யாரும் கேக்கப் போறதில்ல." அவர் இதைக் கெட்ட மனிதரைப்போலச் சொல்லவில்லை. சளிக்கு என்ன மருந்து என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "பேட்டன்ட் உங்க பேர்ல இருக்கு. நீங்க சரின்னு சொல்லாம எங்களால ஒண்ணு கூடச் செய்ய முடியாது. சொல்லுங்க, இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். மெல்லிசா இருக்கற பழசு மட்டும் எங்களுக்கு வேண்டாம்."

"சரின்னு சொல்லு," என்றான் அண்ணன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகமெல்லாம் பெருமை. "படிச்சவ செஞ்சது ஒடிஞ்சுது, நான் செஞ்சது நின்னுது. அவரே சொல்றாரு."

இன்ஜினியர் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி துடைப்பத்தோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. எத்தனை கம்பெனி வாசலில் உட்கார்ந்திருப்பாள், எத்தனை பேர் 'அப்புறம் பாக்கலாம்' என்று அனுப்பியிருப்பார்கள். ஒரு வார்த்தை சொன்னால் ஊர் முழுக்க அவள் சாமான். சொல்லாவிட்டால் நாளைக் காலையிலும் இதே பட்டறை, இதே அண்ணன்.

"சரி," என்றாள்.

எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் அடி வாங்கிய தலையோடு நின்றவள் அவள், நானில்லை.

பரிசோதகர் கைகுலுக்கினார். அச்சைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். இயந்திரத்தை நிறுத்தி, அச்சின் இரு பாதிகளான கட்டைகளையும் கழற்றி, மேசையில் துணி விரித்து, அதன் மேல் பக்கம் பக்கமாக வைத்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. எண்ணெய் பளபளக்க, ஊசி ஊசியாகக் கம்பிகளும் மெல்லிய வரப்புகளும் எழும்பி நின்றன. அழகுதான். அந்தக் கையில் வேலை இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது.

"பதம் ஏத்தின இரும்பு சார். தேயாது," என்றான்.

அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அங்கே கிடந்த சம்மட்டியை எடுத்தாள். மேசைக்கு வந்து, நிதானமாக, ஒரு கட்டையின் மேல் இறக்கினாள்.

பதம் ஏற்றிய இரும்பு தேயாதுதான், ஆனால் வளையவும் வளையாது. ஊசிகள் படபடவென்று தெறித்தன. ஒரு துண்டு பரிசோதகரின் காதை உரசிக்கொண்டு போனது. அவர் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி இரண்டாவது முறையும் அடித்தாள், மூன்றாவது முறையும் அடித்தாள். வரப்புகள் பொடியாகிப் போயின.

"அண்ணி," என்றாள் இன்ஜினியர். "நான் சரின்னு சொல்லிட்டேனே."

"நீ சொல்லுவ. நீதானே எனக்குப் புரிய வெச்ச? இழுபறின்னு வந்தா ஏதாவது ஒண்ணு ஒடிஞ்சுதான் ஆகணும், அது சின்னதா, மாத்திக்கக்கூடியதா இருந்துட்டா மத்ததெல்லாம் தப்பிச்சுக்கும்னு. அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரல. இந்த வீட்டுல அந்த நாக்கு யாருன்னு யோசிச்சேன்." மூச்சு வாங்கியது. "நான்தான். இவர் காலால எத்தும்போதெல்லாம் நான் ஒடிஞ்சேன், நீங்க எல்லாரும் மேசை மேல பத்திரமா இருந்தீங்க. போதும். இனிமே அந்தப் பிளாஸ்டிக் ஒடியட்டும்."

அண்ணனுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் கண் முழுக்க உடைந்த அச்சில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவன்போல ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். அண்ணி விலகவில்லை. சம்மட்டி மேலே எழுந்தது. அவள் தடுத்தாளா, அடித்தாளா என்று நாளைக்கு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்கிறேன், அடித்தாள்.

அவன் வலது மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். கை வேறு பக்கம் பார்த்துத் தொங்கியது. உளி பிடித்த கை, அச்சு செதுக்கிய கை, அண்ணியைப் படியிலிருந்து தள்ளிய கை. அவன் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு திறந்த வாய் மூடாமல் பார்த்தான்.

"உன்னை உள்ள தள்ளாம விட மாட்டேன்டி," என்றான் ஒருவழியாக. "சாட்சி இருக்கு. சார், நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்." பரிசோதகர் எழுந்து சுவரிலிருந்த தொலைபேசியின் பக்கம் நகர்ந்தார். கண் சம்மட்டியை விட்டு அகலவில்லை. "போலீஸைக் கூப்பிடறேன். அம்மா, அதை முதல்ல கீழ வைங்க."

"கூப்பிடுங்க," என்றாள் அண்ணி. சம்மட்டியை விடவில்லை.

பரிசோதகர் எண்ணைச் சுழற்றிக்கொண்டே மேசையைப் பார்த்தார். வியாபாரக் கண் அல்லவா, ஒரு கட்டைதான் போயிருக்கிறது, இன்னொன்று முழுசாகத் துணியின் மேல் இருக்கிறது என்பதைக் கவனித்துவிட்டார். கழுத்தின் பள்ளம் அதில்தான் இருந்தது.

"மேடம், பயப்படாதீங்க. இந்தப் பாதி ஒண்ணு போதும், இதுவும் போயிருந்தாத்தான் எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எங்க ஆளுங்க இதை வெச்சு ஜோடியைச் செஞ்சுடுவாங்க. நீங்க சொன்ன சரி அப்படியேதான் இருக்கு. முதல்ல அந்த அம்மா கையிலேர்ந்து அதை வாங்குங்க."

இன்ஜினியர் அண்ணியிடம் போனாள். புருவத்திலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கையை நீட்டினாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள், விரலைத் தளர்த்தினாள். சம்மட்டி கைமாறியது.

"நல்லவேளை, நீங்களாவது நிதானமா இருக்கீங்க," என்றார் பரிசோதகர். தொலைபேசியில் யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் பட்டறையின் விலாசத்தைச் சொல்லத் தொடங்கினார்.

தரையிலிருந்து அண்ணன் அவளைப் பார்த்தான். அவனுக்குத்தான் முதலில் புரிந்தது. "வேண்டாம்," என்றான். அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்ட முதல் வார்த்தை அது. "வேண்டாம்மா. திரும்ப அதைச் செய்யறதுக்கு எனக்குக் கை இல்ல."

"தெரியும்," என்றாள் இன்ஜினியர்.

மீதியிருந்த கட்டையை மேசையின் நடுவுக்கு இழுத்தாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணி. துண்டு தெறிக்கும்."

சொல்லிவிட்டு, அண்ணி தள்ளி நிற்கும்வரை காத்திருந்து, சம்மட்டியை ஓங்கினாள்.